டர்பன் வெக்கையில் எந்த ஈஸ்ட்? வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குத் திரவ ஈஸ்ட் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இரண்டு பேர் ஒரு பிராய் அடுப்பருகே சேர்ந்துவிட்டால், கரியில் இறைச்சி வேகும் முன்பே பேச்சு ஈஸ்ட்டில் வந்து நிற்கும். "லிக்விட் ஈஸ்ட் போட்டால்தான் பியர், பவுடர் எல்லாம் சும்மா" என்பார் ஒருவர். "ஈஸ்ட் போதையைத்தானே தருகிறது, ருசி மால்ட்டிலும் ஹாப்ஸிலும்தான்" என்பார் மற்றவர். அப்புறம் யாராவது போனை எடுத்து, அமெரிக்காவில் எவரோ போட்ட 'டாப் டென் ஈஸ்ட்' பட்டியலைக் காட்டுவார்.

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இந்தப் பட்டியல்கள்தான். பட்டியல் போட்டவரிடம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தனி ஃப்ரிட்ஜ் இருக்கும். ஈஸ்ட் அவர் கைக்கு வந்துசேரும்போது புதிதாக இருக்கும். இங்கே டர்பனில், ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வொர்த்திலோ கராஜ் மூலையில் வாளி வைத்துக் காய்ச்சுகிறவருக்கு அதே பாக்கெட் வேறு பியரைத் தரும். அதனால் 'எது சிறந்த ஈஸ்ட்' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 'என் வீட்டுச் சூட்டில் எது ஒழுங்காக நடந்துகொள்ளும்' என்று கேளுங்கள். பிடித்த ஈஸ்ட் என்பது அதற்கான பதிலில் இருந்துதான் வரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குடிக்காகக் காய்ச்சுவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. விற்பதென்றால் உரிமம் வேண்டும்.

ஒரே பால், வேறு உறை

ஒரே பாலைக் காய்ச்சி இரண்டு பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் உங்கள் வீட்டு மோரை உறை ஊற்றுங்கள், இன்னொன்றில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த மோரை. காலையில் ஒன்று கெட்டியாக, இனிப்பாக இருக்கும். மற்றது இழுவையாக, புளிப்புத் தூக்கலாக இருக்கும். பால் அதேதான், உறையில் இருக்கும் உயிர் வேறு. வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். உறை கொஞ்சமாக ஊற்றினால் நேரமாகும். ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தில் ஒரு மாதம் மறந்துபோன மோரை ஊற்றினால் பால் பாலாகவே கிடக்கும்.

திரவ ஈஸ்ட் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது: எந்த உயிர், எவ்வளவு, எந்தச் சூட்டில், எவ்வளவு புதியது. ஆனால் தயிரில் வேலை செய்வது பாக்டீரியா. ஈஸ்ட் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒரு செல் உயிர். அது என்ன செய்கிறது என்று நேராகவே பார்ப்போம்.

வாளிக்குள் நடப்பது

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக உடையும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்தால் கிடைப்பதற்கு வோர்ட் என்று பெயர். இதுவரை நடந்தது சமையல். ஈஸ்ட் போட்ட பிறகுதான் பியர்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. இதுதான் நொதித்தல். பள்ளிக்கூடத்துப் பாடம் இங்கே முடிந்துவிடும். ஆனால் தின்று பெருகும்போது ஈஸ்ட் இன்னும் எத்தனையோ பொருள்களை மிகச் சிறிய அளவில் வெளியே விடுகிறது. அந்தச் சிறிய அளவுதான் நமக்கு முக்கியம். ஜெர்மன் கோதுமை பியரை முதல்முறை குடிக்கிறவர்கள் வாழைப்பழ எசன்ஸ் விட்டிருக்கிறார்களா என்று கேட்பார்கள். விடவில்லை. ஐசோ அமைல் அசிடேட் என்ற பொருளை ஈஸ்ட்டே செய்கிறது. வாழைப்பழ வாசனைக்கும் முக்கியக் காரணம் அதே பொருள்தான். இப்படிப் பழ மணம் தரும் பொருள்களுக்கு எஸ்டர் என்று பெயர். ஆக, ருசி மால்ட்டிலும் ஹாப்ஸிலும் மட்டும் இல்லை.

பியர் ஈஸ்ட்டில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஏல் வகை பியருக்கானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி சுடுகிறவர்கள் போடுவதும் இதே இனம்தான். 18 முதல் 22 டிகிரி அதற்குப் பொதுவாக வசதியான சூடு. லாகருக்கானது சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ், ஒரு கலப்பினம். செரிவிசியேவும் குளிரைத் தாங்கும் யூபயானஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் சேர்ந்து உண்டானது. அந்தக் காட்டு ஈஸ்ட் படகோனியக் காடுகளில் கிடைத்ததை ஆய்வாளர்கள் 2011இல்தான் அறிவித்தார்கள். குளிர் ரத்தம் பாதி ஓடுவதால் லாகர் ஈஸ்ட் 10 டிகிரி வாக்கிலும் வேலை செய்யும்.

ஒரே இனத்துக்குள் குணம் மாறும் பிரிவுகளை ரகம் என்று சொல்கிறேன். ஒற்றை ரகத்தைத் தனியே பிரித்தெடுக்கும் வழி வந்தது 1883இல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து ஈஸ்ட்டைப் பெருக்கி ஆலைக்குக் கொடுத்தார். அதற்கு முன் உலகம் முழுக்கக் கலவை உறைதான். இங்கே குவாசுலு-நட்டாலில் செய்யும் உம்கொம்போதி இன்னும் அந்தப் பழைய வழிதான். முளைகட்டிய சோளத்திலும் பானையிலும் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட்டும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே அதில் வேலை செய்கின்றன. அந்தப் புளிப்பும் கலங்கலும் அதன் குணம். நொதித்தல் அடங்கும் முன்பே குடித்துவிடுவார்கள். அதைக் குறையாகப் பேசுகிறவர்கள் நம் ஆடிக் கூழின் புளிப்பையும் குறை சொல்ல வேண்டியிருக்கும்.

கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் ஹான்சன் வழி வந்தது. ஒரே ரகம், வேறெதுவும் கலக்காமல், உயிரோடு, திரவத்தில் மிதக்கிறது. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதிகம் பேசுவது இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளைப் பற்றி: 1986இல் ஓரிகனில் தொடங்கிய வையீஸ்ட், 1995இல் சான் டியேகோவில் தொடங்கிய ஒய்ட் லாப்ஸ். பெயரைவிட எண்ணால்தான் ரகங்களைக் குறிப்பிடுவார்கள். 1056, 1968, 3068 என்று பேச்சில் வந்தால் அது வையீஸ்ட். டபிள்யூஎல்பி 001, 002 என்றால் ஒய்ட் லாப்ஸ்.

சுருக்கமாக: வோர்ட்டைச் செய்வது நாம், பியராக்குவது ஈஸ்ட். எந்த ரகம் என்பதைப் பொறுத்து மணமும் ருசியும் மாறும். எந்த ரகத்தை எடுப்பது என்று பார்க்க, பாக்கெட்டில் எழுதியிருக்கும் சில விஷயங்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

எவ்வளவு தின்னும்?

முதல் எண் அட்டெனுவேஷன். வோர்ட்டில் இருந்த சர்க்கரையில் எத்தனை சதவீதத்தை ஈஸ்ட் தின்று தீர்க்கும் என்பதன் கணக்கு. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் தண்ணீர் 1.000 காட்டும். வோர்ட் 1.048 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொதித்த பிறகு 1.012க்கு இறங்கினால் 48இல் 36 போய்விட்டது, அட்டெனுவேஷன் 75 சதவீதம். வேறொரு ரகம் 1.016இல் நின்றுவிட்டால் சுமார் 67. முதல் பியர் ஏறக்குறைய 4.7 சதவீத ஆல்கஹாலோடு வறட்சியாக இருக்கும். இரண்டாவது 4.2 சதவீதத்தோடு, நாக்கில் கொஞ்சம் கனமாக, இனிப்பாக நிற்கும். இரண்டுக்கும் வோர்ட் ஒன்றுதான்.

ஏன் ஒன்று பாதியில் நிற்கிறது? சோம்பேறி ஈஸ்ட் என்று சொல்வார்கள். விஷயம் வேறு. வோர்ட்டில் இருப்பது ஒரே சர்க்கரை இல்லை. கிட்டத்தட்ட பாதி மால்டோஸ், இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. வழக்கமான பியர் ஈஸ்ட் எல்லாம் இதைத் தின்னும். அடுத்தது மால்டோட்ரையோஸ், மூன்று குளுக்கோஸ் சேர்ந்தது. இதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளத் தனிப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் சில ரகங்களில், முக்கியமாக சில ஆங்கில ரகங்களில், சரியாக வேலை செய்யாது. அவற்றின் பியரில் மிச்ச இனிப்பு தங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். இதைவிட நீளமான டெக்ஸ்ட்ரின் சங்கிலிகளைப் பெரும்பாலான ஈஸ்ட்டுகள் தொடுவதே இல்லை.

பெரும்பாலான என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சேசன் என்ற பெல்ஜிய வகைக்கான சில ரகங்கள் டெக்ஸ்ட்ரினையும் வெளியிலேயே வெட்டித் தின்னும் என்சைமைச் சுரக்கும். டயாஸ்டேட்டிகஸ் என்று குறித்திருப்பார்கள். மெதுவாக, வாரக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு ஏறி பாட்டில் வெடிக்கும். அடையாளம் பாக்கெட்டில் இருந்தால், அடுத்தடுத்த சில நாள் ஹைட்ரோமீட்டர் எண் அசையாமல் நிற்கும்வரை அடைக்காதீர்கள்.

அட்டெனுவேஷன் எண் பெரிதாக இருந்தால் நல்ல ஈஸ்ட் என்று அர்த்தமில்லை. வறண்ட பியர் பிடிக்குமா, கனத்த பியர் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. கோழிக் கறியோடு குடிக்க வறண்டதுதான் சரி என்பது என் கட்சி. காரத்தோடு மிச்ச இனிப்பு எனக்குத் திகட்டும்.

எப்போது படியும்?

இரண்டாவது, ஃபிளாக்குலேஷன். வேலை முடிந்ததும் ஈஸ்ட் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வாளி அடியில் படியும் குணம் இது. பாக்கெட்டில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

செல்லின் மேல் தோலில் உள்ள சில புரதங்கள் பக்கத்துச் செல்லின் தோல் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. கால்சியம் இருந்தால்தான் பிடி இறுகும். வோர்ட்டில் சர்க்கரை ஏராளமாக இருக்கும்வரை அந்தப் புரதங்கள் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், செல்கள் தனித்தனியாக மிதக்கும். சர்க்கரை தீரத் தீரத்தான் ஒட்டத் தொடங்கும். வையீஸ்ட் 1968, டபிள்யூஎல்பி 002 என்ற ஆங்கில ரகங்கள் சீக்கிரம் படிகிறவை. தட்டிப் பார்த்தால் தயிர்க்கட்டி உடைந்தது போல உருண்டைகள் சுழலும், மேலே பியர் கண்ணாடி போலத் தெளியும். கோதுமை பியர் ரகங்கள் கடைசிவரை மிதந்துகொண்டிருக்கும்.

தெளிவு பிடித்தவர்கள் உடனே 1968ஐ வாங்கப் போவார்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போகட்டும். டையசெட்டைல் என்ற பொருள் பியருக்கு வெண்ணெய் வாடை தரும். நொதிக்கும்போது எல்லா பியரிலும் அது கொஞ்சம் உண்டாகும். பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப உள்ளிழுத்துச் சுத்தம் செய்துவிடும். ஆனால் ஈஸ்ட் சீக்கிரம் படிந்துவிட்டால் சுத்தம் செய்ய ஆள் இல்லை. அதனால் இந்த ரகங்களைப் போட்டால், நொதித்தல் அடங்கும் நேரத்தில் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி, வாளியை மெதுவாக ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுவைக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற ஈஸ்ட் இல்லை.

சூடுதான் எஜமான்

மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் போடக்கூடியது சூடு. மேலே சொன்ன எண்கள் எல்லாம், ஈஸ்ட்டுக்குப் பிடித்த சூட்டில் வைத்தால் மட்டுமே.

சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும். வேகமாகப் பெருகும்போது எஸ்டர் கூடும். அதோடு ஃபியூசல் என்ற கனமான ஆல்கஹால்களும் கூடும். மூக்கில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையும் தொண்டையில் எரிச்சலும் வந்தால் சந்தேகம் சூட்டின் மேல்தான் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்தான் ஆபத்தான நேரம், பெருகுவது அப்போதுதான். பிறகு கொஞ்சம் ஏறினாலும் பெரிய கெடுதல் இல்லை.

இன்னொன்று, பாக்கெட்டில் போட்டிருக்கும் சூடு வோர்ட்டின் சூடு, அறையின் சூடு அல்ல. நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும். 20 லிட்டர் வாளி மும்முரமாக இருக்கும்போது அறையைவிட சில டிகிரி கூடவே இருக்கும். வாளியின் வெளியே தெர்மாமீட்டர் பட்டை ஒன்றை ஒட்டிப் பாருங்கள். அறையில் 24 இருக்கும்போது பட்டை 27 காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதை வைத்து டர்பனைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பகலில் 28 டிகிரி வாக்கில், இரவிலும் 21 வாக்கில்தான். சாதாரண ஏல் ஈஸ்ட் வாளிக்குள் 30ஐத் தொடும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத் துணி சுற்றினால் குளிரும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஜோகன்னஸ்பர்க்கில், காற்று உலர்ந்திருக்கும் நாளில் அது நன்றாகவே வேலை செய்யும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. டர்பன் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணி நனைந்தபடியே தொங்கும், வாளி அவ்வளவாகக் குளிராது. இங்கே அதைவிட ஐஸ் பாட்டில் மேல். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, காலையும் மாலையும் தொட்டித் தண்ணீரில் மாற்றிப் போட வேண்டும்.

மின்வெட்டைப் பற்றியும் கேட்பார்கள். லோட்ஷெட்டிங் நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வாளியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 20 லிட்டர் நீர் சில மணி நேரத்தில் அவ்வளவு சூடாகிவிடாது, கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால்.

மறுபக்கம், நமக்கு ஆடி மாதம் குளிர்காலம். ஜூன், ஜூலையில் டர்பன் வீட்டின் உள்ளறை ஒன்று ஏல் ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய சொல்லிவைத்த மாதிரி இருக்கும். ஏல் காய்ச்ச ஆசைப்படுகிறவர் அந்த மாதங்களைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால்: எவ்வளவு தின்னும், எப்போது படியும், என்ன மணம் தரும் என்பவை ரகத்தின் குணம். அந்தக் குணம் வெளிப்படுமா, கெடுமா என்பதை முடிவுசெய்வது வாளிக்குள் இருக்கும் சூடு.

பவுடரா, திரவமா?

திரவம் உசத்தி, பவுடர் மட்டம் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. இப்போது நல்ல கம்பெனியின் உலர் ஈஸ்ட் சுத்தமாகவே வருகிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. உலர்த்துவதை எல்லா ரகமும் தாங்காது. தாங்குகிறவை மட்டுமே பவுடராக வரும். அதனால் திரவத்தில் ரகங்கள் அதிகம். அதுதான் திரவத்தின் உண்மையான பலம், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

பலவீனம் எண்ணிக்கையிலும் ஆயுளிலும். ஒரு திரவ பாக்கெட்டில் புதிதாக இருக்கும்போது சுமார் 10,000 கோடி செல் இருக்கும். பெரிய எண்தான், ஆனால் 1.048 வோர்ட் 20 லிட்டருக்கு ஏல் என்றால் சுமார் 18,000 கோடி வேண்டும். லாகருக்கு அதைப் போல இரண்டு மடங்கு, குளிரில் மெதுவாகப் பெருகுவதால். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துவிடும் என்பது பொதுக்கணக்கு. மூன்று மாதப் பழைய பாக்கெட்டில் பாதிதான் உயிரோடு இருக்கும். கூரியர் வேனில் வெயிலில் கிடந்தால் இன்னும் மோசம். கடைக்காரரிடம் தேதியைக் கேட்டு வாங்குங்கள். வார ஆரம்பத்தில் அனுப்பச் சொல்லுங்கள், சனி ஞாயிறு கிடங்கில் கிடக்காமல் வந்துவிடும்.

குறைவான செல்லைப் போட்டால் என்ன ஆகும்? இருக்கிற கொஞ்ச ஈஸ்ட் அதிக மடங்கு பெருக வேண்டியிருக்கும். தொடங்கவே நேரமாகும், அந்த இடைவெளியில் வேறு கிருமி நுழையலாம். வேண்டாத மணங்களும் கூடும். எண்ணிக்கையைக் கூட்ட ஸ்டார்ட்டர் போடுவார்கள், அதாவது சின்ன வோர்ட்டில் ஈஸ்ட்டை முன்கூட்டியே வளர்ப்பது. 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடரை (அதாவது உலர்த்திய வோர்ட்) கரைத்து, கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தம் செய்த ஜாடியில் ஊற்றிப் பாக்கெட்டைச் சேர்த்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். போகும்போதும் வரும்போதும் ஜாடியைச் சுழற்றிவிடுங்கள், உள்ளே காற்றுப் போக வேண்டும். ஒன்றரை நாளில் திரவம் பால் காபி நிறமாகக் கலங்கும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் அடியில் வெள்ளையாகக் களிம்பு போலப் படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டு அந்தக் களிம்பை வோர்ட்டில் சேர்க்க வேண்டும். புதிய பாக்கெட் என்றால் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும்.

வையீஸ்ட் பாக்கெட்டைத் தட்டினால் உள்ளே ஒரு சிறிய பை உடைந்து ஊட்டம் கலக்கும், சில மணி நேரத்தில் பாக்கெட் உப்பும். அதை ஸ்டார்ட்டர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். எண்ணிக்கை அதில் சொல்லும்படி கூடாது.

பவுடருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. 11.5 கிராம் பாக்கெட் ஒன்று 20 லிட்டர் சாதாரண ஏலுக்குப் போதும், வருஷக் கணக்கில் தாங்கும். அதனால் ஒரு ரகம் பவுடரிலும் திரவத்திலும் கிடைக்கிறதென்றால் பவுடரை வாங்குங்கள் என்பேன். டபிள்யூஎல்பி 001, வையீஸ்ட் 1056, சஃபேல் யுஎஸ்-05 என்ற பவுடர் மூன்றும் கலிபோர்னியாவில் பேர்பெற்ற ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்றுதான் காய்ச்சுகிறவர்கள் கருதுகிறார்கள். அச்சு அசல் ஒன்று இல்லை என்றாலும், முதல் சில முறை காய்ச்சுகிறவருக்கு அந்த வித்தியாசம் நாக்கில் தெரியாது.

அப்படியானால் எதை எடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் பியர் என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது காசில் போன்ற தெளிந்த லாகர்தான். 1895இலிருந்து நாக்கு அதற்குப் பழகியிருக்கிறது. புதிதாகக் காய்ச்சுகிறவரும் முதலில் அதையே செய்ய ஆசைப்படுவார். டர்பனில் அதுதான் மிகக் கடினம். 10 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருக்கத் தனி ஃப்ரிட்ஜ் வேண்டும், செல் இரண்டு மடங்கு வேண்டும், சின்னத் தவறையும் மறைக்க அதில் மணம் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாதவர் லாகர் ஈஸ்ட் பக்கமே போக வேண்டாம்.

கோடையில் என் ஓட்டு க்வெய்க் ஈஸ்ட்டுக்கு. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஏல் ஈஸ்ட் இது. அவற்றில் வோஸ் என்ற ரகம் 35 முதல் 40 டிகிரியிலும் ஃபியூசல் நெடி இல்லாமல், ஆரஞ்சுத் தோல் மணத்தோடு சில நாளிலேயே வேலையை முடித்துவிடும். குளிர் நாட்டு ஈஸ்ட் ஒன்று நம் வெக்கைக்கு இவ்வளவு பொருந்துவது வேடிக்கைதான். அங்கே வோர்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போட்டு வந்தார்கள், காரணம் அது. வெஸ்டர்ன் கேப்பில் ஜார்ஜ் ஊர்ப்பக்கம் விளையும் சதர்ன் பேஷன் ஹாப்ஸின் பேஷன் ஃப்ரூட் மணம் இதோடு நன்றாகச் சேரும்.

வெக்கையைத் தாங்கும் இன்னொன்று வையீஸ்ட் 3724, பெல்ஜிய சேசன் ரகம். மிளகும் பழமும் கலந்த மணம், நன்றாக வறண்டுவிடும். ஆனால் 1.035 வாக்கில் வந்ததும் செத்துவிட்டதோ என்று பயப்படும்படி படுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. 30 டிகிரிக்கு மேல் விட்டால் திரும்ப எழுந்துவரும். அதனால் இதைக் கோடையில் மட்டும் எடுங்கள்.

குளிர்காலத்தில் வாசல் திறந்திருக்கிறது. ஹாப்ஸ் மணம் முன்னால் நிற்க வேண்டுமானால் 001 வம்சம். மால்ட் ருசியும் தெளிவும் வேண்டுமானால் 1968. வாழைப்பழமும் கிராம்பும் வேண்டுமானால் வையீஸ்ட் 3068 அல்லது டபிள்யூஎல்பி 300. இந்தக் கோதுமை ரகத்தில் சூடு வைத்து விளையாடலாம். 18 டிகிரி பக்கம் வைத்தால் கிராம்பு தெரியும், 22, 23க்கு விட்டால் வாழைப்பழம் அமுக்கிவிடும். கிராம்பு மணம் தானியத்திலுள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது. பெரும்பாலான ஏல் ரகங்கள் இந்தத் திறமையை இழந்துவிட்டன.

இரண்டு ரகத்துக்கு நடுவில் தடுமாறினால் ஒரு நாள் 20 லிட்டர் வோர்ட் காய்ச்சி இரண்டு வாளியில் பத்துப் பத்து லிட்டராகப் பிரித்து, ஆளுக்கொரு ஈஸ்ட் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வோர்ட்டும் சூடும் ஒன்றாக இருப்பதால் டம்ளரில் தெரியும் வித்தியாசம் முழுக்க ஈஸ்ட்டுடையது. விருந்தாளிகளுக்கு எது எது என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். பிராய் அடுப்பருகே சத்தமாகப் பேசியவர் எதைத் திரும்பக் கேட்கிறார் என்று கவனியுங்கள்.

பிடித்தது கிடைத்துவிட்டால்

திரவ பாக்கெட் விலை குறைவில்லை. பிடித்த ரகம் கிடைத்ததும் ஒவ்வொரு முறையும் புதிது வாங்க வேண்டியதில்லை. பியரை பாட்டிலில் ஊற்றிய பிறகு அடியில் இருக்கும் படிவைக் கொதித்து ஆறிய தண்ணீரால் தளர்த்தி, கிருமி நீக்கிய ஜாடியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு சேரும். கெட்டியான படிவில் மில்லிக்குச் சுமார் 100 கோடி செல் இருக்கும், அடுத்த 20 லிட்டருக்கு ஒரு டம்ளர் அளவு போதும். இரண்டு வாரத்துக்குள் என்றால் நேராகவே போடலாம். நாலைந்து சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள், குணமும் சுத்தமும் மெல்ல மாறும். புளிப்போ பழுப்பு நிறமோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு இடையூறு உண்டு. புரட்டாசி வந்தால் கறியும் கிடையாது, குடியும் கிடையாது. ஆவணியில் எடுத்துவைத்த ஜாடி தீபாவளிக்குப் பியர் காய்ச்சுவதற்குள் ஒரு மாதத்தைத் தாண்டிவிடும். அதை நேராக வோர்ட்டில் ஊற்றாமல், காய்ச்சுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு அதிலிருந்து நாலைந்து ஸ்பூன் எடுத்து ஸ்டார்ட்டர் போடுங்கள். ஒரு நாளில் நுரை கட்டினால் அதையே பயன்படுத்தலாம். கட்டாவிட்டால் புதுப் பாக்கெட் வாங்க இன்னும் நேரம் இருக்கும்.